வெயில் படாத பெட்டிகள்

மரமேறும் வெள்ளிங்கிரி அனுப்பிய படத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கு மரத்தின் உச்சி. இரண்டு கிளைகள் பிரியும் கவட்டில், ஒட்டி வளர்ந்திருந்த பெரணிச் செடிகளுக்கு அடியில், எங்கள் வெள்ளைப் பெட்டி பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஒரு பொட்டு வெயில் இல்லை.

அந்தப் பெட்டி வெயிலில்தான் இருக்க வேண்டும். மரத்தின் ஆக உயரத்தில், நாள் முழுக்கச் சூரியனைப் பார்க்கிற இலைகளுக்கு ஒரு முழம் மேலே. அந்த இலைகளின் சூட்டை அளப்பதற்காகவே செய்யப்பட்ட பெட்டி அது. இப்படிப் பதினான்கு பெட்டிகள் குருவிமலையில் இருந்தன. அவை அனுப்பும் எண்களைத் தின்று, மலை முழுவதற்கும் ஒரே ஒரு எண்ணைச் சொல்லும் கணினி நிரலுக்கு விதானம் என்று பெயர். ஐந்து வருடங்களாக இந்த மலைக்கும் சுற்றியுள்ள மற்ற மலைகளுக்கும் விதானத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பங்குனி வெயில். மணி பத்தரை. திரையில் விதானம் சொன்னது: முப்பத்தெட்டு டிகிரி. பயமில்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அலுவலகத்திலிருந்து குடியிருப்பை நோக்கி இறங்கினேன். இறங்கவில்லை, ஓடினேன்.

வெள்ளிங்கிரி வீட்டு வாசலில் கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பழுதான பெட்டியை மாற்றிவிட்டு அப்போதுதான் மரத்தைவிட்டு இறங்கியிருந்தார். அவருடைய மனைவி பேபியின் தம்பி மாசாணம் பக்கத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, பெட்டிய ஏன் நிழல்ல கட்டியிருக்கீங்க?”

நான் ஏதோ தெரிந்த விஷயத்தைத் தெரியாத மாதிரி கேட்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். “மேல கொண்டு போற எதையும் வெயில்ல வைக்க மாட்டமுங்க. தேன் தகரத்த வெயில்ல வெச்சா பொங்கிப் போயிரும். கயிறு வெயில்ல கெடந்தா இத்துப் போயிரும். இது அரசாங்கப் பெட்டி. கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது? நல்ல எடமாப் பாத்துத்தான் வெச்சனுங்க.”

“எல்லாப் பெட்டியும் இப்படித்தானா?”

“பதினாலும்.” அவர் குரலில் பெருமை இருந்தது. “பத்து வருசத்துல மூணே மூணு பெட்டிதான் கெட்டிருக்குது. வேற மலையில விசாரிச்சுப் பாருங்க.”

“மேடம் மொகத்தப் பாரு மாமா,” என்றான் மாசாணம். “பெட்டிக்குச் சளி புடிச்சுருச்சாட்ட இருக்குது.”

யாரும் இதைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். யாரும் பார்க்கவில்லை. இந்த மலையில் மரமேறுகிறவரின் கயிற்றை அவர் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அக்காள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த மரத்தில் அப்போது வேறு ஆள் ஏறக்கூடாது. இருவாச்சிப் பறவை கூடு கட்டும் மலை என்பதால் டிரோன் பறக்கவிடவும் அனுமதி இல்லை. மற்ற மலைகளில் கிரேன் வைத்து ஒரு நிறுவனம் பெட்டிகளைப் பொருத்தியது. இங்கே பாதை கிடையாது. ‘பொருத்தப்பட்டது’ என்ற கட்டத்தில் வெள்ளிங்கிரி கைநாட்டு வைப்பார். நான் கீழே கையெழுத்துப் போடுவேன். இந்த வருடம்தான் அவர் கேமரா போன் வாங்கினார்.

“ஒரு பெட்டிய மட்டும் வெயில்ல மாத்திக் கட்ட முடியுமா? இப்பவே?”

“கட்டலாமுங்க. என்னாத்துக்கு?”

நான் உட்கார்ந்தேன். சொல்லித்தான் ஆக வேண்டும்.

“இலை வெயில்ல எப்படிச் சூடாகாம இருக்குது தெரியுமா? நமக்கு வேர்க்கிற மாதிரி அதுக்கும் வேர்க்கும். வேர் உறிஞ்சுற தண்ணி இலையில இருக்கிற சின்னச் சின்ன வாய் வழியா ஆவியாப் போகும். அதனால இலையும் குளிரும், கீழ இருக்கிற நாமளும் குளுந்து இருப்போம். சூடு ஒரு அளவுக்கு மேல போனா இலை வாயை மூடிக்கும்.”

“மூடுனா?”

“வேர்வை நின்னுரும். இலை இன்னும் சூடாகும். பக்கத்து இலையும் மூடும். பக்கத்து மரம், அதுக்கடுத்த மரம். ஒரு மணி நேரத்துல மலை பூராவும் மூடிரும். அதுக்கப்புறம் கீழ…”

“கீழ என்னன்னு எனக்குத் தெரியும்,” என்றாள் பேபி. கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளும் மாசாணமும் கரும்பாறைக்காரர்கள். எதிர்ச்சரிவு. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் கரும்பாறைக் காடு மூடிக்கொண்டது. அன்று பேபி கல்யாணமாகி இங்கே இருந்தாள், மாசாணம் ரேஷன் வாங்கக் கீழே போயிருந்தான். வீட்டில் இருந்த முப்பத்தேழு பேர் சாயங்காலத்துக்குள் சூட்டில் இறந்துபோனார்கள். ஓடியவர்கள்கூட இல்லை. படுத்த இடத்தில், உட்கார்ந்த இடத்தில். இரண்டு நாள் கழித்து அந்தச் சரிவு தானாகவே தீப்பிடித்து எரிந்தது.

கரும்பாறையில் காடு மூடுவதற்கு முன்னால் பெட்டிகள் கடைசியாகக் காட்டிய எண் நாற்பத்தொன்று. அதுவே நாடு முழுவதற்கும் எல்லையாயிற்று. எந்த மலையில் எண் நாற்பத்தொன்றைத் தாண்டி இருபது நிமிடம் நிற்கிறதோ, அங்கே விதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சங்கு ஊத வேண்டும். சங்கு ஊதிய மலையில் பிறகு யாரும் குடியிருக்க முடியாது. சட்டம் அப்படி. ஒன்பது வருடங்களில் நூற்றுப் பன்னிரண்டு குடியிருப்புகள் இறக்கப்பட்டுவிட்டன. குருவிமலை மட்டும் முப்பத்தொன்பதைத் தாண்டியதே இல்லை. குளிர்ந்த மலை என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். அந்தப் பக்கத்தை வெட்டி அலுவலகச் சுவரில் ஒட்டியவள் நான்தான்.

வெள்ளிங்கிரி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. “அப்ப நான் வெயில்ல கட்டுனா நம்பர் ஏறும். ஏறுனா நாங்க எறங்கணும்.”

“ஆமா.”

“கட்டாட்டி?”

பேபி பதில் சொன்னாள். “கட்டிப் பாரு. எங்கப்பனையும் ஆத்தாளையும் நான் பொதைக்கல. மூஞ்சிய மூடிக்கிட்டு வந்தவங்க பொதைச்சாங்க. எது யாருன்னுகூடச் சொல்லல. நீ போயி கட்டு.”

பதினொன்றரைக்கு அவர் மரத்தில் ஏறினார். அடிமரத்தில் அறைந்திருந்த மூங்கில் ஆப்புகளில் கால் வைத்து, நிதானமாக, வீட்டுப் படியேறுவது போல. மாசாணம் கயிற்றை இடுப்பில் சுற்றி நின்றான். நான் அவனுக்குப் பக்கத்தில் கையடக்கத் திரையோடு நின்றேன். பெட்டி அணைந்து, மறுபடி உயிர் பெற்றது.

முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

“என்னங்க காட்டுது?”

“ஏறுது.”

“எவ்வளவு?”

நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று.

அப்போதுதான் எனக்குக் காது கேட்க ஆரம்பித்தது. ஐந்து வருடங்களாக நான் வாழ்ந்த காட்டில் சில்வண்டுகள் கத்துகின்றனவா, நிறுத்திவிட்டனவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காற்று அசைகிறதா? இலைகள் தொங்குகின்றனவா, அவை எப்போதுமே அப்படித்தானா? கழுத்தில் வழிந்த வேர்வையைத் துடைத்தேன். உடனே வழிந்தது. இதுதான் ஆரம்பமோ என்று நினைத்தேன். கரும்பாறையில் அந்த முப்பத்தேழு பேரும் இப்படித்தான் ஒரு தடவை கழுத்தைத் துடைத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

“மாமா, எறங்கு,” என்று மாசாணம் மேலே பார்த்துச் சொன்னான். கத்தவில்லை.

என் மேலதிகாரி கோதண்டம் சாரை அழைத்தேன். கரும்பாறைக்குப் பிறகு அந்த நாற்பத்தொன்றைக் கணக்கிட்டுச் சொன்னவர் அவர்.

“சார், குருவிமலையில வெயில் பட்ற இலை நாற்பத்து மூணு காட்டுது. இத்தனை வருஷமும் பெட்டி நிழல்ல இருந்திருக்கு.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். “எத்தனை நிமிஷமா?”

“எல்லையைத் தாண்டி இருபத்திரண்டு.”

“அப்புறம் எதுக்கும்மா என்கிட்ட பேசிட்டு நிக்கிற? அழுத்து.”

அழுத்தினேன்.

சங்கு என்று பெயர்தான். அது காட்டுக்குள் போய் மோதித் திரும்பும்போது ஏதோ பெரிய மிருகம் இருமுவது போல இருக்கும். ஐம்பத்தெட்டுப் பேர் இரண்டு மணி நேரத்தில் மலையை விட்டு இறங்கினார்கள். அழுகை குறைவு. எல்லோரும் அடிக்கடி மேலே, இலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பேபி அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைத் துணியில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். அது வேகவில்லை என்று கீழே போய்த்தான் கவனித்தாள்.

*

முகாம் அடிவாரத்தில் இருந்தது. தகரக் கூரை, நேர் நேராக வரிசைகள், ஒரு மரம்கூட இல்லை. இறங்கிய நான்காம் நாள் ஒரு கிழவர் செத்துப்போனார். வயசு என்று எழுதினார்கள்.

நான் அடிவாரத்து அலுவலகத்துக்கு மாற்றப்பட்டேன். வழக்கமாக, இறக்கப்பட்ட மலையிலிருந்து மூன்று நாளில் பெட்டிகளையும் கழற்றிவிடுவார்கள். ஆளில்லாத காட்டின் சூட்டை அளப்பதில் அரசாங்கத்துக்கு அக்கறை இல்லை. ஆனால் குருவிமலைப் பெட்டிகளைக் கழற்ற வெள்ளிங்கிரியை விட்டால் ஆள் கிடையாது. அவரோ முகாமில் தகரக் கதவைப் பார்த்துப் படுத்திருந்தார். அதனால் அந்த ஒற்றை வெயில் பெட்டி மேலேயிருந்து எண் அனுப்பிக்கொண்டே இருந்தது. அணைக்க மனம் வராமல் நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் நாள் நாற்பத்து நான்கு. இரண்டாம் நாள் நாற்பத்து நான்கரை. ஐந்தாம் நாள் நாற்பத்தைந்து.

காடு மூடிக்கொண்டால் எண் படிப்படியாக ஏறாது, ஒரே மணி நேரத்தில் பத்து டிகிரி தாவும். கரும்பாறையில் தாவியது. இங்கே தாவவில்லை. தினமும் மத்தியானம் ஏறி, சாயங்காலம் ஒழுங்காக இறங்கியது. நாற்பத்தொன்றில் மூட வேண்டிய காடு நாற்பத்தைந்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. என்னால் அதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆறாம் நாள் முகாமுக்குப் போனேன்.

வெள்ளிங்கிரி எழுந்து உட்கார்ந்தார். “காடு மூடிருச்சுங்களா?”

“இல்ல அண்ணே.”

“சங்கூதித் தொரத்துன காடு மூடலையா?” என்றான் மாசாணம். “அதுக்கும் நீங்கதான் போயி கைநாட்டு வாங்கோணுமாட்ட இருக்குது.”

“சும்மா இரு மாப்ளே.” வெள்ளிங்கிரி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். “நான் பண்ணுன தப்புங்க. அங்கயும் ஒழுங்கா வெயில்ல கட்டியிருந்தா அந்த சனத்துக்கு மின்னாடியே தெரிஞ்சிருக்கும். எங்க மாமனாரும் மாமியாரும் உசுரோட இருந்திருப்பாங்க. படுத்தா அதுதான் வருது.”

“அங்கயும்னா? எங்க?”

“கரும்பாறையிலதாங்க. மொத மொத அங்கதான கட்டச் சொன்னாங்க. நான்தான் கட்டுனேன். இவன்தான் கயிறு. அங்கயும் கவட்டுக்குள்ள, நெழலாப் பாத்துத்தான் வெச்சேன்.”

தகரக் கூரை வெயிலில் டப் டப் என்று விரிந்துகொண்டிருந்தது. நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். வேண்டாம் என்று நினைத்தும் கூட்டிப் பார்த்தேன். குருவிமலையில் முதல் நாள் நிழல் பெட்டிகள் முப்பத்தெட்டும் வெயில் பெட்டி நாற்பத்து நான்கும் காட்டின, ஆறு டிகிரி வித்தியாசம். கரும்பாறையில் நிழல் பெட்டி நாற்பத்தொன்று சொன்னபோது, வெயிலில் இருந்த இலை நாற்பத்தேழில் இருந்திருக்கிறது. நாற்பத்தேழில்தான் காடு மூடியிருக்கிறது. நாங்கள் அந்த நாற்பத்தொன்றை எடுத்துக்கொண்டு போய், வெயிலில் சரியாகப் பொருத்திய பெட்டிகள் உள்ள மலைகளில் எல்லாம் எல்லையாக வைத்தோம்.

நாற்பத்தொன்று என்பது எந்தக் காட்டிலும் ஒரு சாதாரணக் கோடை மத்தியானம்.

கோதண்டம் சாரிடம் சொன்னபோது அவர் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு அவர் குரல் வயதான குரலாக வந்தது.

“கரும்பாறைப் பெட்டியெல்லாம் எரிஞ்சு போச்சும்மா. எங்க இருந்ததுன்னு இனி யார் நிரூபிப்பா?”

“கட்டினவர் சொல்றார் சார்.”

“அவருக்கு வீட்டுக்குப் போகணும். எதையும் சொல்வார்.” உடனே குரலைத் தாழ்த்தினார். “நான் பயந்து பேசறேன்னு நினைக்காத. நீ சொல்றது சரின்னா நான் ஒத்துக்கறேன். தப்புன்னா? எல்லையை நாற்பத்தேழுன்னு மாத்தி, எல்லாரையும் ஏத்தி விட்டு, ஒரு மலை நாற்பத்து மூணுல மூடிக்கிட்டா? மறுபடியும் முப்பத்தேழு பேரைப் பார்க்க என்னால முடியாது. எண்ணை வெச்சுப் பேசாத. நாற்பத்தாறுல இலை வாய் திறந்திருக்குன்னு கண்ணால காட்டு.”

“எப்படிக் காட்டறது?”

“காலேஜ்ல செஞ்சதெல்லாம் மறந்துட்டியா? ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டு.”

*

எட்டாம் நாள் காலை நாங்கள் நான்கு பேர் குருவிமலைக்கு ஏறினோம். தடை செய்யப்பட்ட மலை. நான் தனியாகப் போகிறேன் என்றேன். மரம் யார் ஏறுவது என்று வெள்ளிங்கிரி கேட்டார். கயிறு யார் பிடிப்பது என்று மாசாணம் கேட்டான். பேபி எதுவும் கேட்காமல் எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

ஆளில்லாத குடியிருப்பில் கதவுகள் திறந்தே கிடந்தன. எட்டு நாளில் முற்றங்களில் சருகு மூடியிருந்தது. வழக்கத்தைவிட அதிகச் சருகு என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

பதினொரு மணிக்கு வெள்ளிங்கிரி ஏறி, உச்சியில் நேர் வெயில் படும் ஒரு கொப்பின் மீது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையை மாட்டி வாயைக் கட்டிவிட்டு இறங்கினார். இலை வாய் திறந்திருந்தால் அது விடும் ஆவி பைக்குள் தண்ணீராகத் திரளும். மூடியிருந்தால் பை காய்ந்து கிடக்கும். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

மரத்தடியில் உட்கார்ந்தோம். நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து.

“மூடுனா ஓட முடியுங்களா?” என்று பேபி கேட்டாள்.

“அடிவாரம் ஒன்றரை மணி நேரம்.”

“முடியாதுன்னு சொல்லுங்க.”

“முடியாது.”

அவள் தலையாட்டிவிட்டுத் தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா யாரையும் வையாமல் ஒரு வேலையும் செய்ய மாட்டாளாம். அடுப்பை வைவாளாம், கோழியை வைவாளாம். “அன்னிக்கும் வெயில வஞ்சுட்டேதான் செத்திருப்பா,” என்றாள். மாசாணம் சிரித்தான். சிரித்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பன்னிரண்டே முக்காலுக்கு நாற்பத்தாறு. காற்று நின்றுவிட்டது. இந்தத் தடவை சந்தேகமில்லை, உண்மையிலேயே நின்றது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு அடித்துக்கொள்வது சூட்டாலா பயத்தாலா என்று பிரித்தறிய முடியவில்லை. அந்த ஆறு டிகிரியை நான் ஒரே மரத்தில், ஒரே ஒரு நாள்தான் அளந்திருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. ஐந்தாக இருந்தால்? அப்படியானால் எல்லை இதுதான், இந்த எண்தான்.

“நான் ஏறறனுங்க,” என்றார் வெள்ளிங்கிரி.

“இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.”

“பத்து நிமிசம் கழிச்சு எனக்கு மனசு வராது.”

அவர் ஏறினார். மாசாணம் கயிற்றை விட்டுக்கொடுத்தான். பச்சைக்குள் அவர் மறைந்த பிறகு கயிறு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. நாங்கள் மூன்று பேரும் கயிற்றைப் பார்த்தோம். பேபி தம்பியின் தோளைப் பிடித்திருந்தாள், அவளுடைய நகங்கள் சட்டைக்குள் இறங்கியிருந்தன.

“மாமா,” என்றான் மாசாணம்.

அவன் கயிற்றை லேசாக ஒரு முறை இழுத்தான்.

“மாமா.”

கயிறு இரண்டு தடவை இழுபட்டது. வெகு நேரம் கழித்து அவர் பாதங்கள் தெரிந்தன. இறங்குகிறவர் இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்திருந்தார், பையின் முடிச்சைப் பல்லில் கடித்திருந்தார். தரையில் கால் வைத்ததும் அதை என் கையில் கொடுத்தார். அவர் முகம் கருஞ்சிவப்பாக இருந்தது, பேச மூச்சு வரவில்லை.

பையின் உள்புறம் முழுக்க நீர்த்துளிகள். மூலையில் வெதுவெதுப்பாக இரண்டு மடக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. நாற்பத்தாறில், நடு மத்தியானத்தில், இந்தக் காடு வேர்த்துக்கொண்டிருந்தது.

பேபி பையைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் விளக்குமாற்றின் சத்தம் கேட்டது. வெள்ளிங்கிரி மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அழுகிறார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

மாசாணம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப மத்த மலைக்காரங்க?” என்றான். “அவங்க காடும் இப்படித்தான் இருந்திருக்குமுங்களா?”

“ஆமா.”

“எத்தன மலைங்க?”

நூற்றுப் பன்னிரண்டு குடியிருப்பு என்றேன். அவன் அந்த எண்ணை ஒரு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான்.

“அதுல நீங்க ஊதுனது எத்தனைங்க?”

“இருபத்தாறு.”

அவன் என் கையிலிருந்த பையை வாங்கி, தண்ணீர் சிந்தாமல் இன்னொரு முடிச்சுப் போட்டு, மறுபடி என்னிடமே கொடுத்தான். கோதண்டம் சாருக்குக் காட்ட வேண்டுமே என்று நினைத்திருப்பான். அதை வாங்கும்போது நழுவவிட்டுப் பிடித்தேன். நான் பயந்துபோயிருக்கிறேன் என்று நினைத்து அவன் ஆறுதலாக ஏதோ சொன்னான்.

பயம்தான். ஆனால் அவன் நினைத்த பயமில்லை, அந்த இருபத்தாறைப் பற்றிய பயம். மரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரமும், அவர்கள் மூன்று பேருக்கு நடுவில், அந்தப் பை காய்ந்து கிடக்க வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.